கண் சிவப்பாக இருந்தும் புழு முட்டை 3,400: புழுவை எதிர்க்கும் செம்மறியை அடையாளம் கண்டவர்கள் சொல்லுங்கள்

கிடைக்காவல்
ஐப்பசி மழை முடிந்த கையோடு பார்த்த மேச்சேரிக் கிடா, ஒன்றரை வயசு. மந்தையில் பாதி 3, 4 என்று வெளுத்துக் கிடக்க, இதன் கீழ் இமை மட்டும் ரத்தச் சிவப்பு. ஃபமாச்சா அட்டையில் (இமைச் சவ்வின் நிறத்தை ஒப்பிடும் வண்ண அட்டை; 1 நல்ல சிவப்பு, 5 முழு வெளுப்பு) 1. சுற்றி நின்ற எல்லாரும் "இதுதான் புழு ஏறாத கிடா" என்றார்கள். புழுக்கையைக் கரைத்து மைக்ராஸ்கோப் ஸ்லைடில் எண்ணினால் முதல் அறையில் 31 புழு முட்டை, இரண்டாவதில் 37. 50-ஆல் பெருக்கினால் கிராமுக்கு 3,400! அதே வயசு, அதே காட்டில் மேய்ந்த, இமை 2 இருந்த இன்னொரு கிடாவுக்கு 200-தான்.

கண் ரத்தத்தைக் காட்டுது, புழுவைக் காட்டலை. ரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுவான ஹீமாங்கஸ் ஒன்று நாளுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும்; ஆயிரம் புழு என்றால் 50 மில்லி. அதை ஈடுகட்டி நிற்கிற ஆடு தாங்குற ஆடு. எதிர்க்கிற ஆடு என்றால் புழுவைத் தங்கவே விடாது, தங்கினாலும் முட்டையிட விடாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து எத்தனை பேர் கிடா விட்டிருப்பார்களோ.

வெள்ளைச்சோளம்
அண்ணே, கண்ணைக் குறை சொல்லாதீங்க, பார்த்த விதம் என்ன? கொட்டகை நிழலில் 4 என்று எழுதின பெட்டை, வெயிலுக்கு இழுத்ததும் 2. அந்த ஒரு எண் மாறினது இன்னும் கண்ணுக்குள் நிற்குது. மேல் இமையால் கண்ணை மூடி, விழியை லேசா அழுத்தி, கீழ் இமையை இறக்கினால் உள்சவ்வு தானா வெளியே வரும். உள்சவ்வைத்தான் அட்டையோடு ஒப்பிடணும், இமை விளிம்பை இல்லை. இரண்டு கண்ணும் பார்த்து, வெளுத்த கண்ணுக்கு உரிய எண்ணை எழுதுங்க. தட்டைப்புழு, உண்ணி இருந்தாலும் வெளுக்கும்.

அந்த அட்டை தென்னாப்பிரிக்காவில் வந்தது எந்த ஆட்டுக்கு மருந்து ஊற்றணும் என்று முடிவு பண்ண. பெயரே ஃபாஃபா மாலன் என்கிற கால்நடை மருத்துவர் பெயரிலிருந்து வந்ததுதான். ஒரு நாள் பார்த்தால் ஒண்ணும் தெரியாது. மழைக்காலம் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் பார்த்து, காது வில்லை எண்ணோடு நோட்டில் ஏற்றுங்க. மூணு தரம் மருந்து கேட்ட பெட்டையைக் கழிக்க மைக்ராஸ்கோப் எதுக்கு?

உப்புக்கரைசல்
ஒரு ஸ்லைடில் "முட்டை 60" என்று குறிப்பு. திரும்பப் பார்த்தால் அத்தனையும் காக்சிடியா, வேறொரு குடல் ஒட்டுண்ணி! குட்டிப் புழுக்கையில் இது சகஜம். காக்சிடியா சின்னது, ஏறத்தாழ 30 மைக்ரான். நாம் எண்ண வேண்டியது 80 மைக்ரான் அளவில், நீள்வட்டமா, உள்ளே திராட்சைக் கொத்து மாதிரி செல்கள் இருக்கிறது.

கேட்காட்டியும் சொல்லிடறேன். தரையில் கிடக்கிற புழுக்கை வேண்டாம், ஆசனவாயிலிருந்து நேரா எடுங்க. சின்ன பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைங்க, ஃப்ரீசரில் வைக்காதீங்க. நம்ம ஊர் வெக்கையில் ஒரே நாளில் முட்டை பொரிஞ்சு, எண்ணிக்கை பொய்யாகும். ஒரு லிட்டர் சுடுதண்ணியில் சுமார் 400 கிராம் உப்பு, அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்கும்வரை. ஆறினதும் தெளிவை இறுத்துக்குங்க. 2 கிராம் புழுக்கையோடு 28 மில்லி கரைசல், நசுக்கி, தேயிலை வடிகட்டியில் வடிச்சு, கலக்கின கையோடு மெக்மாஸ்டர் ஸ்லைடின் இரண்டு அறையிலும் ஏற்றணும். கொஞ்சம் நிற்கவிட்டு ஏற்றினால் முட்டையெல்லாம் மேலே போயிடும், அங்கேதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஐந்து நிமிஷம் பொறுத்து 100 மடங்கில் பாருங்க. முட்டை மேல் கண்ணாடியை ஒட்டி மிதக்கும். காற்றுக்குமிழின் கறுப்பு விளிம்பு தெளிவாகத் தெரியும் இடத்தில் ஃபோகஸ் வைத்தால் முட்டையும் தெரியும். அரை மணிக்குள் முடிக்கலைன்னா உப்பு படிகம் கட்டும். 50 எங்கிருந்து வருது என்றால், இரண்டு அறையும் சேர்ந்து 0.3 மில்லி, மொத்தம் 30 மில்லியில் நூறில் ஒரு பங்கு. அதில் இருக்கும் புழுக்கை 0.02 கிராம்.

கழிச்சல் இருக்கிற ஆட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. தண்ணி கூடினால் எண்ணிக்கை குறைச்சலாத் தெரியும்.

மறிக்குட்டி
கிடைக்காவல் அண்ணே, அந்த 200 கிடாவுக்கு மருந்து ஊற்றினது எப்போ? சந்தையில் "முட்டையே இல்லை" என்று விற்ற ஒரு கிடா, ஆறு வாரம் கழித்து 1,800. விற்கிறதுக்குப் பத்து நாள் முன்னாடி மருந்து ஊற்றியிருந்தாங்க. லார்வா உள்ளே போய் முட்டை போடவே மூணு வாரம் ஆகும்.

ஒரே வயசு, ஒரே காடு, ஒரே நாளில் கடைசி மருந்து. இது மூணும் ஒத்துப்போனாத்தான் ஒப்பிடலாம். மந்தைச் சராசரி 500-ஐத் தாண்டாமல் எண்ணினாலும் வீண், நல்லதும் கெட்டதும் ஒண்ணாத்தான் தெரியும். பால் மறந்த குட்டிகளை மழைக்குப் பின் இரண்டு தரம் எண்ணுறதுதான் சரி. ராஜஸ்தான் அவிகாநகரில் இருக்கிற செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் மால்புரா இன ஆடுகளை இப்படி முட்டை எண்ணிக்கை பார்த்தே எதிர்க்கிற வம்சம், புழு ஏறுகிற வம்சம் என்று இரண்டாப் பிரிச்சு வளர்த்தாங்க.

பட்டி
இரட்டைக்குட்டி போட்ட பெட்டை, ஈன்ற மூணாம் வாரம் 2,600 காட்டியது. "புழு ஆடு" என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து பால் கொடுக்கும் காலம் வரை எந்தப் பெட்டைக்கும் எதிர்ப்பு இறங்கும். அந்த நாளில் தேர்வு செய்யக்கூடாது, அவ்வளவுதான்.

கிடைக்காவல்
மறிக்குட்டி தம்பி, இரண்டு கிடாவுக்கும் ஒரே நாளில்தான் ஊற்றினது, எண்ணும்போது ஏழு வாரம் முடிஞ்சிருந்தது. இப்போ மறுபடி எண்ணியாச்சு: சிவந்த கண் 2,950, மற்றது 250. 250-தான் பெட்டைகளுக்கு விடப்படும். மற்றது பக்ரீதுக்கு.

உப்புக்கரைசல்
பக்ரீத் வரைக்கும் அது எந்தக் காட்டில் மேயும் அண்ணே? நாளுக்கு ஒரு கிலோ புழுக்கை என்று வைத்தாலே சுமார் 30 லட்சம் முட்டை. தனியாக் கட்டி, வெட்டுத்தழை போடுங்க. புழுக்கையை அள்ளி உரக்குழிக்குப் போடுங்க. இப்பவே மருந்து ஊற்றினால், கறிக்குப் போகிறதுக்கு முன்னாடி எத்தனை நாள் இடைவெளி என்று புட்டியில் பார்த்துக்குங்க.