பிரேத்து, பார்தோ, நெக்ரோ: பிரேசில் பாடத்துக்குச் சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

பிரேசில் மக்கள்தொகைப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. என் மொழிபெயர்ப்பில் ஒரு பக்கம் ‘கறுப்பினத்தவர் 10.2 விழுக்காடு’, மறுபக்கம் ‘55.5’. எண்கள் இரண்டுமே சரி. 2022 கணக்கெடுப்பில் தம்மைப் பிரேத்து (கருநிறம்) என்றவர்கள் 10.2, பார்தோ (பழுப்பு நிறம், கலப்பு வழி) என்றவர்கள் 45.3. இரு சாராரையும் சேர்த்து நெக்ரோ மக்கள் என்கிறது 2010-ஆம் ஆண்டுச் சட்டம். பிரேத்துவுக்கும் நெக்ரோவுக்கும் ஒரே சொல்லைப் போட்டதால் வந்த குழப்பம். கருநிறத்தார், கலப்பினத்தார், கறுப்பின மக்கள் என்று பிரிக்கலாமா? தப்பிய அடிமைகள் அமைத்த ஊர்களின் வழிவந்தவர்களான கிலோம்போலாவுக்கும் ஒரு சொல் வேண்டும்.
– செ.

> கலப்பினத்தார்

வேண்டவே வேண்டாம் ஐயா. கலப்பினப் பசு, கலப்பின விதை என்று புழங்கும் சொல் மனிதருக்கு ஆகாது. மாநிறத்தார் என்க. மாயோன் கருநிறத்தான்; மாமையை மாந்தளிர் நிறம் என்பார்கள் உரைகாரர்கள். கருமைக்கும் தளிருக்கும் நடுவே நிற்கும் சொல் நம்மிடமே இருக்கிறது.

கறுப்பில் றகரத்தை விடாதீர்கள். ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்ற தொல்காப்பியர், அவை நிறத்துக்கும் உரியவை என்று அடுத்தே சொல்கிறார். கருப்பு என்றால் பஞ்சம் என்றும் பொருள் உண்டு.

கிலோம்போ அங்கோலாவின் கிம்புந்து மொழிச் சொல், போர்ப்பாசறை. தப்பிய அடிமைகள் அமைத்த ஊர்களுக்குப் பிரேசிலில் அதுவே பெயராயிற்று. நம் ‘பாடி’யும் படை தங்கிய இடம், பிறகு ஊர். எனவே பாடியார்.
– கா.

கா. ஐயாவுக்கு: மாநிறம் மணமகள் விளம்பரச் சொல். வெறும் தோல் நிறம், வழிமரபைச் சொல்லாது. பாரா, அமசோனாஸ் மாநிலங்களில் பார்தோ என்று பதிந்தவர்களில் பலர் பழங்குடி வழியினர். பாஹியாவில் அதே சொல் பெரும்பாலும் ஆப்பிரிக்க வழியைக் காட்டுகிறது. அப்படியே பார்தோ என்று எழுதுங்கள். ஆனால் பிரேத்து கூடாது. வகுப்பில் உரக்கப் படித்தால் பிரேதம் என்று காதில் விழுகிறது. ஒரு மக்களை அப்படி அழைக்க எனக்கு மனம் வரவில்லை. நெக்ரோ அங்கே கறுப்பின உரிமை இயக்கத்தார் பெருமையோடு ஏற்ற பெயர். தமிழில் எழுதினால் வசையாகிவிடும்.

‘கறுப்பின’ என்ற ஒருமையும் உறுத்துகிறது. அங்கோலாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் மொழி வேறு, யொரூபா பேசிய நாகோக்கள் மொழி வேறு. நாகோக்களிலேயே ஒரிஷா என்ற தெய்வங்களை வணங்கியோரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. 1835-இல் பாஹியாவின் சால்வடோர் நகரில் கிளர்ந்தெழுந்த மாலேக்களிடம் (முஸ்லிம் ஆப்பிரிக்கர்கள்) அரபி எழுத்துத் தாள்கள் பிடிபட்டன. ‘கறுப்பின மக்கள்’ என்று ஓரிடத்தில் எழுதினால், ‘கறுப்பினச் சமூகங்கள்’ என்று பத்து இடத்தில் எழுதுங்கள்.

கிலோம்போலாக்களைத் தனியே எண்ணியதே 2022-இல்தான். 13 லட்சத்துக்கு மேல். முதல்முறையாகத் தம் பெயரில் எண்ணப்பட்டவர்களுக்கு நாம் ஏன் வேறு பெயர் வைக்க வேண்டும்?
– ந.

நன்றி. 38 மடல்களைத் திரும்பப் படித்தேன். கருநிறத்தாருக்கு மறுப்பு இல்லை. மாநிறத்தாருக்கு ஏழு பேர், பார்தோவுக்கு மூவர். அட்டவணையில் மாநிறத்தார், முதலில் வருமிடத்தில் பார்தோ என்ற பெயரும், ந. அம்மா சொன்ன விளக்கமும். கூட்டுத்தொகைக்குக் கறுப்பின மக்கள், மற்ற இடங்களில் சமூகங்கள். கிலோம்போலா அப்படியே.
– செ.

அட்டவணை சரி. பாடியாரை மட்டும் நான் விடுவதாயில்லை. காட்பாடியில் ரயில் ஏறும் பிள்ளைக்குப் பாடி புரியாதா?
– கா.