இரண்டு இரவு கிளாம்பிங் (வசதிகளோடு கூடாரத் தங்கல்): ஏரிக்கரைக் கூடாரமா, மலை மேல் டோமா?

கேள்வி (தூக்கப்பிரியை):
வெள்ளி மதியம் கிளம்பி ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நான், கணவர், 6 வயது மகள், முழங்கால் வலியோடு என் அம்மா. எல்லோரையும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்துவிட்டேன். ("கூடாரத்துல படுக்கக் காசு வேறயா?" என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.) இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 3 மணி நேரப் பயணம், ஏரிக்கரையில் பருத்தித் துணிக் கூடாரம். இன்னொன்று 6 மணி நேரம், 1,800 மீட்டர் உயரத்தில் டோம் (அரைக்கோள வடிவக் கூடாரம்). முன்பக்கம் முழுக்க ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். படம் பார்த்ததிலிருந்து மனசு டோமிலேயே நிற்கிறது. தங்கியவர்கள் சொல்லுங்கள்.

பதில் (ஈரப்போர்வை):
டோமில் இரண்டு இரவு படுத்தவன் நான். நீங்கள் பார்த்த படம் மாலை நேரத்தில் எடுத்ததாக இருக்கும். காலை ஏழரை மணியை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. எங்கள் டோம் கிழக்கு பார்த்தது. வெயில் உள்ளே வந்தது, வெப்பம் வெளியே போக வழியில்லை. பசுமைக்குடிலில் வைத்த தக்காளி மாதிரி வியர்த்து எழுந்தோம். இரவில் நேர் எதிர். நான்கு பேர் மூச்சில் இருக்கும் ஈரம் குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டு நீராகி, விடியற்காலை சொட்டத் தொடங்கியது. போர்வை ஓரம் நனைந்துவிட்டது. பருத்தித் துணி கொஞ்சம் மூச்சு விடும், அந்த வகையில் அது மேல்.

1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். அப்படியானால் அங்கே சமவெளியை விடக் கிட்டத்தட்ட 11 டிகிரி குளிர். ஹீட்டர் உண்டா, இரவு முழுக்க மின்சாரம் இருக்குமா என்று கேளுங்கள். "கரி அடுப்பு தருகிறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூடிய கூடாரத்துக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும்.

எல்லாவற்றையும் விட, கழிவறை. எங்களுக்கு வெளியே, கீழே இறங்கிப் போக வேண்டும். இரவு இரண்டு மணிக்கு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு என் மாமியார் இறங்கியதை இன்றும் சொல்லிக் காட்டுகிறார். எத்தனை படி என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். "பக்கத்துலதான்" என்ற பதிலை நம்பாதீர்கள்.

பதில் (நடுச்சாலை):
போக வர 12 மணி நேரம், அதிலும் மலைப்பாதை இருட்டிய பிறகு, பின்சீட்டில் குழந்தை. எனக்கென்றால் இதிலேயே முடிவு தெரிந்துவிட்டது.

பதில் (அமாவாசை):
ஏரியும் சுகவாசம் இல்லை. குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் இறங்கித் தங்கும், கொசுவும் அங்கேதான். தரையில் அடித்த கூடாரமா, பலகை மேடை மேலா என்று கேளுங்கள். மழை பெய்தால் வித்தியாசம் தெரியும். அடுத்த கூடாரம் எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள். சுவர் துணிதான், பக்கத்துக் கூட்டத்தின் ஸ்பீக்கர் உங்கள் தலையணைக்கே வந்துவிடும். நட்சத்திரம் பார்க்கும் ஆசை இருந்தால் பௌர்ணமி வாரத்தைத் தவிருங்கள்.

தூக்கப்பிரியை:
இரண்டு இடத்துக்கும் போன் போட்டேன். டோமில் கழிவறைக்கு 34 படியாம். (முதலில் "பக்கத்துலதான்" என்றார்கள்!) ஏரியில் கூடாரத்தோடு ஒட்டியே குளியலறை, மேடைக்கு 3 படி. ஏரியையே பதிவு செய்துவிட்டேன். "கட்டில் இருக்குல்ல?" என்று மட்டும் அம்மா கேட்டார். டோமுக்கு நானும் கணவரும் தனியாக ஒரு தடவை போய்க்கொள்கிறோம்.

ஈரப்போர்வை:
நல்லது. ஏரிக் கூடாரத்தின் வாசல் எந்தத் திசை?

தூக்கப்பிரியை:
ஐயோ, அதைக் கேட்கவே இல்லை. மறுபடி கூப்பிடுகிறேன்.