எம்ஜிபி ஃபெண்டர்: மறுதயாரிப்பு வாங்கலாமா?

கேள்வி: 1967 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைச் சீரமைத்து வருகிறேன். இடது முன் ஃபெண்டரின் (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) அடிப்பகுதி துருவில் போய்விட்டது. மலிவாகக் கிடைத்ததே என்று மறுதயாரிப்பு (புதிதாகச் செய்த நகல்) ஒன்றை வாங்கினேன். கதவோரம் விரல் நுழையும் இடைவெளி, போல்ட் துளைகளும் சேரவில்லை. மனசே விட்டுப்போச்சு. அந்தக் காலத்தில் காருக்குப் பயன்படுத்திய பழைய அச்சிலேயே அடித்தது கிடைக்குமா?

பதில் 1: கிடைக்கும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988இல் எம்ஜிபியின் முழு பாடியையே பழைய அச்சுகளைக் கொண்டு மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. விலை கூடத்தான். ஆனால் மலிவானதை வெட்டி, தட்டி, பொருத்தும் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

பதில் 2: மேல்பகுதி நன்றாக இருந்தால் முழு ஃபெண்டர் எதற்கு? கீழ்த்துண்டு மட்டும் தனியாக விற்கிறார்கள், வெல்டிங் செய்துவிடலாம். எதுவானாலும் பெயின்ட்டுக்கு முன் கதவையும் பானெட்டையும் மாட்டிப் பாருங்கள்.

கேட்டவர்: மேல்பகுதி உறுதியாகத்தான் இருக்கிறது. சரி, கீழ்த்துண்டே வாங்குகிறேன்.