திருவையாறு வீடு (குடும்பக் குழு)

கும்பகோணம் அத்தை: அண்ணனுக்கு ஸ்கேன் ரிசல்ட் வந்துச்சா?

பெரியம்மா: வந்துச்சு. சிடி நார்மல்னு எழுதிக் குடுத்துட்டாங்க. ஆனா வாசல்லேர்ந்து படித்துறைக்குப் போறதுக்குள்ள ரெண்டு தடவை உட்கார்றாரு.

சித்தப்பா: நார்மல்னா நார்மல்தானே அண்ணி. அண்ணன் மனசைப் போட்டு அலட்டிக்கிறாரு.

பெரியப்பா: முப்பது வருஷம் ரைஸ் மில்லு தவிட்டுத் தூசியில நின்ன நெஞ்சுடா இது. மனசு இல்ல, மூச்சுதான் எட்டல.

செல்வி (இங்கிலாந்து): பெரியப்பா சொல்றதை நான் நம்புறேன். சிடி நுரையீரலோட அமைப்பைத்தான் காட்டும். உள்ள போன காத்து ரத்தத்துல சேருதான்னு காட்டாது. கொரோனா வந்து மூச்சு வாங்குன சிலருக்கு இங்க ஆக்ஸ்ஃபோர்ட், ஷெஃபீல்ட்ல செனான் வாயுவை இழுக்க வச்சு எம்ஆர்ஐ எடுத்தாங்க. சிடியில பெருசா ஒண்ணும் இல்லாதவங்களுக்கும் குறை தெரிஞ்சுது.

கும்பகோணம் அத்தை: எம்ஆர்ஐல நுரையீரல் சரியா தெரியாதும்பாங்களே?

செல்வி (இங்கிலாந்து): ஆமா அத்தை. சாதா எம்ஆர்ஐ உடம்புல இருக்கிற தண்ணி, கொழுப்புல உள்ள ஹைட்ரஜனைப் பார்க்கும். நுரையீரல் பெரும்பாலும் காத்து, அதனால கறுப்பா கிடக்கும். இதுல செனான்-129 வாயுவை லேசரும் ருபீடியம்ங்கிற உலோகத்தோட ஆவியும் வச்சுத் தயார் பண்றாங்க. சிக்னல் பல ஆயிரம் மடங்கு கூடிடும். ஒரு பை வாயுவை இழுத்துப் பத்துப் பதினஞ்சு வினாடி பிடிச்சா போதும். காத்து போன இடம் வெளிச்சம், போகாத இடம் இருட்டு. கதிர்வீச்சே கிடையாது. 1994ல எலி நுரையீரல்ல ஆரம்பிச்சது.

செல்வி (இங்கிலாந்து): எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். காத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்கிற மெல்லிய சவ்வுல செனான் இருக்கிறப்ப ஒரு அலைவரிசை, ரத்தத்தோட சிவப்பணுவுக்குள்ள போயிட்டா வேற. தண்ணி மதகோட நின்னுச்சா, வயலுக்குள்ள பாஞ்சுதான்னு தனித்தனியா தெரிஞ்சிடும்.

சித்தப்பா: திருச்சியில எடுக்கலாமா?

செல்வி (இங்கிலாந்து): நம்ம பக்கம் சாதாரணமா எடுக்கிறது இல்ல சித்தப்பா. அமெரிக்காவுலயே 2022 டிசம்பர்லதான் அனுமதி குடுத்தாங்க. அதுக்காக அலைய வேணாம். ஊதுற டெஸ்ட், ஸ்பைரோமெட்ரி. அதோட டிஎல்சிஓ எடுக்கலாமான்னு கேளுங்க. நுரையீரல்லேர்ந்து வாயு ரத்தத்துக்கு எவ்வளவு போகுதுன்னு அது சொல்லும். இதயத்துக்கு எக்கோ, ரத்தசோகை இருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க. மில்லு வேலையைக் கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லணும் பெரியம்மா.

பெரியம்மா: டி எல் சி ஓ. சீட்டுல எழுதிட்டேன் ஆயி.

சித்தப்பா: அண்ணே, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. திங்கக்கிழமை காரை எடுத்துக்கிட்டு வர்றேன்.

பெரியப்பா: ஏழு மணிக்கே வந்துடு. வெயில் ஏறிட்டா என்னால நடக்க முடியல.