ஒட்டின பூச்சியை வைத்துக் கூர்ப்பைப் பொய்யாக்க முடியுமா?

வெள்ளவத்தையான்:
பம்பலப்பிட்டியில் நடந்த கூட்டமொன்றில் ஒருவர், "உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வருவதாகச் சொல்லும் கூர்ப்புக்குச் சான்றே இல்லை, புத்தகத்தில் வரும் கறுப்பு அந்துப்பூச்சி செத்த பூச்சியை மரத்தில் ஒட்டி எடுத்த படம்" என்றார். சபை கை தட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. இந்த அந்துப்பூச்சியில் வெளிறியதும் உண்டு, கறுப்பும் உண்டு. இங்கிலாந்தின் மன்செஸ்டரில் 1848இல் கறுப்புப் பூச்சி அபூர்வம்; 1895இல் நூற்றுக்கு 98 கறுப்பு. ஆலைப் புகையில் மரங்கள் கறுத்ததால் வெளிறிய பூச்சிதான் பறவைகளின் கண்ணில் பட்டது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்து புகை குறைந்ததும் கறுப்பு திரும்பக் குறைந்தது. இதையெல்லாம் ஒரு படமா செய்தது?

கொட்டாஞ்சேனை ராசா:
சரி, படம் ஒட்டினதா இல்லையா?

வெள்ளவத்தையான்:
ஒட்டி எடுத்த படங்கள் உண்டு. அவை இரண்டு நிறத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்ட. ஆய்வு வேறு. கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் 1953இல் பர்மிங்காமில் உயிருள்ள பூச்சிகளுக்கு அடையாளமிட்டு விட்டு, திரும்பப் பிடித்து எண்ணினார்.

கொட்டாஞ்சேனை ராசா:
ஆக, ஒட்டினது உண்மை. அவரும் பகலில் கொண்டுபோய் மரத்தண்டில் விட்டவர். அந்தப் பூச்சி தண்டில் இருக்கவே இருக்காது.

வெள்ளவத்தையான்:
இருக்கும். மஜெரஸ் என்ற ஆய்வாளர் இந்தக் குறைகளைத் தீர்க்கவே கேம்பிரிட்ஜில் ஆறு வருடம் 4,864 பூச்சிகளை விட்டுப் பார்த்தார். இரவில் அவை தாமாகவே இடம் தேடின. மரமேறிப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு தண்டில் இருந்தது. புகையில்லாத அந்த ஊரில் பறவைகள் கறுப்பையே அதிகம் தின்றன. 2009இல் அவர் இறந்துவிட்டார். முடிவு 2012இல் வெளியானது. தயவுசெய்து வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனை ராசா:
மற்ற இரண்டு பங்கும் தண்டில் இல்லைத்தானே?

தெகிவளை அக்கா:
இங்கிலாந்துப் பூச்சி எதற்கு? நம் இலங்கையின் மலேரியா நுளம்பு போதாதா? 1963இல் நாடு முழுக்க 17 நோயாளிகள், 1969இல் ஐந்து லட்சத்துக்கு மேல். டி.டி.டி என்ற பூச்சிமருந்துக்குச் சாகாத நுளம்பு பெருகி, 1977இல் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாறினார்கள்.

கொட்டாஞ்சேனை ராசா:
அக்கா, மருந்தடிப்பதை நிறுத்தியதால் வந்த நோய் அது. நுளம்பு இன்றைக்கும் நுளம்புதான்.

வெள்ளவத்தையான்:
நோய் பரவியது நிறுத்தியதால். மருந்தை மாற்ற வைத்தது எதிர்ப்புச் சக்தி. இரண்டையும் குழப்பாதீர்கள். சாகாதது பிழைத்துக் குஞ்சு பொரித்தது. இயற்கைத் தேர்வு என்றால் அதுதான். அந்துப்பூச்சியைக் கறுப்பாக்கிய பரம்பரையலகு (ஜீன்) மாற்றத்தையும் 2016இல் கண்டுபிடித்துவிட்டார்கள். அது 1819 அளவில் வந்திருக்கலாம் என்று கணித்தார்கள். இதையும் ஒட்டினதா என்பீர்களா?

கொட்டாஞ்சேனை ராசா:
அப்போது யார் இருந்து பார்த்தார்கள்? போன மாதம் டெங்கு விவாதத்திலும் இப்படித்தான் நீட்டினீர்கள். நான் உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவன், தம்பி.

வெள்ளவத்தையான்:
எந்த ரியூசனில், அண்ணை? கூர்ப்புப் பாடத்தை "சோதனைக்கு வராது" என்று தாண்டிப்போகும் மாஸ்டர்மார் கொழும்பில் உண்டு.

கொட்டாஞ்சேனை ராசா:
என் மாஸ்டரைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

தெகிவளை அக்கா:
ராசா, எதிர்ப்புச் சக்தி எப்படி வந்தது என்று நான் கேட்டால் அதற்கும் பதில் இல்லை.

கொட்டாஞ்சேனை ராசா:
முதலில் அவர் மன்னிப்புக் கேட்கட்டும்.