ரிலே பிக்கப் வோல்டேஜ் தேடும் புரோகிராம்: எந்த ரிலே மாட்டினாலும் 12.05தான் வருது

பேனல்_பெஞ்ச் (கணபதி, கோவை):
பம்ப் ஸ்டார்ட்டர் பேனலுக்குப் போற 24 வோல்ட் டி.சி ரிலேக்களுக்குப் பிக்கப் (காயிலுக்கு எத்தனை வோல்ட் குடுத்தா ரிலே இழுத்துக் கான்டாக்ட் சேருதுங்கறது) பார்க்கணுங்க. புரோகிராமபிள் சப்ளை, பெஞ்ச் மல்டிமீட்டர், பைத்தான்ல பைவிசா (கருவிகளைக் கம்ப்யூட்டர்லிருந்து இயக்கற லைப்ரரி). 0-24 நடுவுல பாதிபாதியா வெட்டித் தேடறேன். கான்டாக்ட் சேர்ந்தா மேல் எல்லை இறங்கும், சேரலைன்னா கீழ் எல்லை ஏறும், இடைவெளி 0.05க்குள்ள வந்தா நிக்கும். கையில குமிழைத் திருப்பினா 15.6ல டக்குனு சேருது. புரோகிராம் எல்லாத்துக்கும் 12.05ங்குது. டிலே 50லிருந்து 500 மில்லிசெகண்ட் வரை மாத்தியாச்சு. எங்கீங்க தப்பு?

முனை7:
டிலே இல்லீங்க. படிகளைத் தாள்ல எழுதிப் பாருங்க. 12ல சேரலை. 18ல சேர்ந்துச்சு. அடுத்தது 15, புதுசாக் குடுத்தா இழுக்காது, ஆனா 18ல பிடிச்ச ஆர்மேச்சர் (காயில் இழுக்கற இரும்புத் தகடு) இன்னும் விடலை, ஏன்னா ஒருதரம் இழுத்ததைப் பிடிச்சு வெக்கக் கம்மி வோல்டேஜே போதும். 13.5, 12.75, எல்லாத்துக்கும் 'சேர்ந்துச்சு'தான். 12 மேலயே வந்து உக்காந்துக்குது. பிக்கப் 12க்கும் 18க்கும் நடுவுல இருக்கற எந்த ரிலேயா இருந்தாலும் இதே விடைதானுங்க.

ஒவ்வொரு படிக்கும் முன்னால 0க்கு இறக்குங்க, கான்டாக்ட் திறந்ததை மீட்டர்ல பார்த்துட்டு அப்புறம் அடுத்த வோல்டேஜை ஒரே தூக்காக் குடுங்க. சப்ளை ஓ.பி.சி கேள்விக்கு ('வேலை முடிஞ்சுதா'ன்னு கேக்கற கட்டளை) '1'ன்னு பதில் சொன்னதை நம்பாதீங்க. பல சப்ளைல அது கட்டளை வாங்கியாச்சுங்கறதுக்கு மட்டும்தான், வோல்டேஜ் நிலைச்சதுக்கில்ல. திரும்பப் படிச்சுப் பாருங்க. மீட்டரை 100 ஓம் ரேஞ்சுல பூட்டிடுங்க, ஆட்டோ ரேஞ்ச் நேரத்தைத் தின்னும். திறந்த கான்டாக்டுக்கு 9.9இ37ன்னு (ரேஞ்சை மீறின ரெசிஸ்டன்ஸ்னு அர்த்தம்) வரும், அது பிழை இல்லீங்க.

பேனல்_பெஞ்ச்:
இப்ப 15.6 வருதுங்க. ஆனா அதே ரிலேயை விடாம ஓட்டினா 15.9, அப்புறம் 16.2.

சுருள்கம்பி:
காயில் சூடாகுது. இழுக்கறது கரன்ட், செம்பு ரெசிஸ்டன்ஸ் டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம் ஏறும், அதே கரன்டுக்கு அந்தளவு வோல்டேஜும் கூட வேணும். 15.6லிருந்து 16.2ன்னா ஏறக்குறைய 4 சதவீதம், அதாவது 10 டிகிரி. ஒவ்வொரு படியிலயும் வோல்டேஜை 100 மில்லிசெகண்டுக்கு மேல வெக்காதீங்க, நடுவுல 400 ஆறவிடுங்க. தேடலை 10-18க்குள்ள சுருக்கினா 8 படி, 4 செகண்ட்ல முடிஞ்சுரும். தகரக் கூரை ஷெட்டுல காலையில எடுத்ததும் மத்தியானம் எடுத்ததும் ஒத்துப்போகாது, அதனால காயில் ரெசிஸ்டன்ஸையும் கூடவே எழுதி வெச்சுக்கங்க.

முனை7:
இன்னொண்ணுங்க. ஒரு பவுன்ஸ்ல (கான்டாக்ட் சேர்றப்ப துள்ளறது) ஒரே ஒரு ரீடிங் தப்பாச்சுன்னாலும் பாதிபாதித் தேடல் திரும்பி வராது, தப்பான பக்கத்துலயே போயிரும். முடிஞ்சதும் கீழ் எல்லையிலயும் மேல் எல்லையிலயும் மும்மூணு தடவை குடுத்துப் பாருங்க. டிராப்அவுட் (இழுத்த ரிலே விடற வோல்டேஜ்) தேடறப்ப எல்லாம் தலைகீழ்: ஒவ்வொரு படிக்கும் முன்னால 24 குடுத்து இழுக்க வெச்சுட்டுத்தான் இறக்கணும். காயிலுக்குக் குறுக்க டயோடு இருந்தா விடறது தாமதமாகும், அங்க மட்டும் டிலேயைக் கூட்டுங்க.