பொருள்: ‘பயோரெமிடியேஷன்’ – தமிழ்ச் சொல் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

இளநிலைச் சுற்றுச்சூழல் அறிவியல் வகுப்புக்கான பாடக்குறிப்பை வரும் திங்கட்கிழமை அச்சுக்குத் தர வேண்டும். அதில் ‘பயோரெமிடியேஷன்’ என்பதை, அதாவது உயிரிகளைக் கொண்டு மாசைப் போக்குவதை, ‘உயிரித் திருத்தம்’ என்று எழுதியிருந்தேன். அடுத்த இயலிலேயே ‘மரபணுத் திருத்தம்’ வருவதால், அங்கே மரபணுவைத் திருத்துவதுபோல இங்கே உயிரியைத் திருத்துகிறார்கள் என்று மாணவர்கள் எண்ணிவிட்டார்கள். நான் ‘உயிரியால் திருத்தம்’ என்று மூன்றாம் வேற்றுமைத் தொகையாகக் கருதியதை அவர்கள் ‘உயிரியைத் திருத்தம்’ என்று இரண்டாம் வேற்றுமையாக விரித்தது அவர்கள் பிழையன்று.

பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டு, 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் தரைதட்டிய எக்ஸான் வால்டீஸ் கப்பல். ஏறத்தாழ 37,000 டன் கச்சா எண்ணெய் கசிந்தது. கரைகளில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கலந்த உரத்தை இட்டு, அங்கேயே வாழ்ந்த, எண்ணெயை உண்ணும் பாக்டீரியாக்களைப் பெருகச் செய்தார்கள். இந்தப் பணிக்குப் பொருந்தும் சொல்லைத் தந்து உதவுங்கள்.

*

மதிப்பிற்குரிய அம்மா,

மூலமான இலத்தீன் சொல் மருந்தைக் குறிப்பது. ‘நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி’ என்ற குறளை நினைத்தால் ‘உயிரித் தணிப்பு’ எனலாம். ஆயினும் என் மனம் ‘மாசறுப்பு’ என்பதிலேயே நிற்கிறது. கோவலன் கண்ணகியை ‘மாசறு பொன்னே’ என்று அழைக்குமிடத்தில் ‘அறு’ தன்வினை. அது மாசு அற்ற பொன். நுண்ணுயிர்கள் மாசை அறுப்பது பிறவினை. ‘அறு’ என்னும் ஒரே வினையடி இரண்டுக்கும் இடம்கொடுக்கிறது. மேலும், மை, மால், மாசு ஆகியவை கருமையைச் சுட்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் கருத்து. கச்சா எண்ணெய்க்கு இதைவிட நெருக்கமான சொல் ஏது?

*

ஐயா, வணக்கம்.

தங்கள் வேராய்வை விரும்பிப் படித்தேன். ஆனால் ‘தணிப்பு’ காலநிலை மாற்றம் பற்றிய மொழிபெயர்ப்புகளில் வேறு பொருளில் வழங்குகிறது. ‘மாசறுப்பு’ என்பதிலோ உயிரிக்கு இடமே இல்லை. சோப்புப் போட்டுக் கழுவினாலும் அது மாசறுப்புத்தான். நேற்று இங்கே வேறொருவர் முன்மொழிந்த ‘நுண்ணுயிர்ச் சிதைப்பு’ எண்ணெய்க்குப் பொருந்தும், ஆர்செனிக்குக்குப் பொருந்தாது. ஆர்செனிக் ஒரு தனிமம். அதை எந்த உயிரியாலும் சிதைக்க இயலாது. டெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி அதை மண்ணிலிருந்து உறிஞ்சித் தன் இலைகளில் சேர்த்துக்கொள்கிறது. பெரணி நுண்ணுயிரும் அன்று. ஆகவே, ‘உயிரிவழி மாசுநீக்கம்’ என்கிறேன். ‘வழி’ நின்றால் வேற்றுமை மயக்கம் தீரும். செடிகளுக்குத் ‘தாவரவழி மாசுநீக்கம்’ என்று நீட்டவும் முடியும்.

*

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் ஒப்பியபடி ‘உயிரிவழி மாசுநீக்கம்’ என்றே அச்சுக்கு அனுப்புகிறேன்.

*

அம்மா, அச்சுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் உடன்படவும் இல்லை. ஓரிடத்துக் கழிவை அள்ளி அடுத்த ஊரில் கொட்டுவதும் நீக்கம்தான். பாக்டீரியாக்கள் எண்ணெயை வேறிடத்துக்குத் தள்ளுவதில்லை; கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகின்றன. பெரணிக்கு ‘நீக்கம்’ பொருந்தட்டும். அலாஸ்காக் கரையில் நடந்தது அறுப்பு. அடுத்த பதிப்பிலாவது ‘உயிரிவழி மாசறுப்பு’ என்பதை அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டுகிறேன்.